மூட வேண்டாம், முதலில் அளவுங்கள்: கழிவுக்கல் மேட்டிலும் குவாரி முகத்திலும் அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

மே மாதம் தென்மேல் பருவமழை தொடங்கிவிட்டால் எனக்கு வரும் அழைப்புகளில் பாதி ஒரே கேள்விதான். "சேர், மேட்டில வெடிப்பு விட்டிருக்கு. பெக்கோவ விட்டு மூடிவிடவா?" (பெக்கோ என்பது மண் வெட்டி அள்ளும் இயந்திரம்.) நான் வெள்ளவத்தையில் இருப்பேன், கேட்பவர் ஹங்வெல்லப் பக்கமோ மீப்பே பக்கமோ ஒரு கல் குவாரியில் நிற்பார். என் பதிலும் எப்போதும் ஒன்றுதான்: மூட வேண்டாம். மேலே டிப்பர் போக வேண்டாம். கீழே ஆட்கள் இருந்தால் இப்போதே வெளியேற்றிவிடுங்கள். மிச்சத்தை அப்புறம் கதைப்போம்.

அந்த மிச்சத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். கண்ணில் படும் அறிகுறியிலிருந்து காரணத்துக்குப் போகும் வழி இது. போர்மன், மேற்பார்வையாளர், குவாரிக்குப் பக்கத்தில் வீடு உள்ளவர் என்று யாரும் பயன்படுத்தலாம்.

முதலில் மேட்டில் இருப்பது என்ன என்று தெரிய வேண்டும். கொழும்பைச் சுற்றி நாம் உடைப்பது பெரும்பாலும் நைஸ், சார்னோகைட் போன்ற மிகப் பழைய உருமாறிய பாறை. அதன் தலைமேல் பல மீட்டருக்குச் செம்மண்ணும் கபுக்கும் (மென்மையான செம்பாறை) கிடக்கும். பாறைக்குப் போக முதல் அதை வழித்து, உதவாத உடைகல்லோடு சேர்த்துக் கழிவு மேடாகக் கொட்ட வேண்டும். ஆகவே மேட்டில் இரண்டு சாமான்கள் சேர்கின்றன: நீரை உறிஞ்சி ஊறும் செம்மண், நீரை ஓடவிடும் உடைகல். போதாததற்கு 1 கன மீட்டர் பாறை உடைந்தால் இடைவெளி விழுந்து 1.3 முதல் 1.5 கன மீட்டர் வரை பெருகும். இதைக் கணக்கில் எடுக்காமல் இடம் ஒதுக்கியதால் மேட்டைச் செங்குத்தாக ஏற்ற வேண்டி வந்த இடங்களைப் பார்த்திருக்கிறேன்.

உச்சியில், விளிம்பையொட்டி வெடிப்பு

எல்லா வெடிப்பும் ஆபத்தானதல்ல. புதிதாகக் கொட்டிய மேடு தன் பாரத்தால் அமரும். அப்போதும் வெடிப்பு விடும். இரண்டையும் பிரித்தறிவதுதான் முதல் வேலை.

அமர்வதால் வரும் வெடிப்பு அங்கொன்று இங்கொன்றாகச் சிதறியிருக்கும். இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கும். நாள் போகப் போக விரிவது குறையும். சரிவால் வரும் வெடிப்பு வில்லைப் போல வளைந்து, இரண்டு முனையும் மேட்டின் விளிம்பை நோக்கித் திரும்பும். வெளிப்பக்கம் உட்பக்கத்தை விடத் தாழ்ந்திருக்கும். ஒரு விரல் அளவு தாழ்ந்திருந்தாலும் அதை நான் சரிவென்றே எடுத்துக்கொள்வேன்.

அப்புறம் அளக்க வேண்டும். விலையுயர்ந்த கருவி தேவையில்லை. வெடிப்பின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு முளை அடித்து, தலையில் ஒரு ஆணி இறக்கி, ஆணிக்கு ஆணி ரேப் (அளவு நாடா) பிடித்து அளவுங்கள். விடிய ஒரு தடவை, பின்னேரம் ஒரு தடவை, மழை பெய்தால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. ஒரே ஆள், ஒரே ரேப். ஒருவர் அளக்கும்போது இன்னொருவர் தள்ளி நின்று மேட்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எண்ணைக் கொப்பியில் எழுதுங்கள். கையில் எழுதினால் வியர்வையில் போய்விடும்.

எண்களை இப்படி வாசிக்கலாம். நாளாந்த வேகம் குறைந்துகொண்டு வந்தால் மேடு அமர்கிறது. ஒரே வேகத்தில் போனால் காவல் தொடரட்டும், உச்சியில் பாரம் ஏற்ற வேண்டாம். வேகம் கூடினால் இடத்தைக் காலி செய்யுங்கள். இதில் இன்னொரு படி உண்டு. 1985 இல் ஜப்பானியரான புகுசோனோ காட்டிய வழி: வேகத்தை எழுதாமல், 1ஐ வேகத்தால் வகுத்து எழுதுவது. முதல் நாள் 2 மில்லிமீட்டர், அடுத்த நாள் 2.5, பிறகு 3.3, பிறகு 5 என்று வைப்போம். வகுத்தால் 0.5, 0.4, 0.3, 0.2. புள்ளிகளைக் கோடாக இழுத்தால் இன்னும் 2 நாளில் அது பூச்சியத்தைத் தொடும். சரிவு அந்த நாளை அண்டித்தான் வரும். நாள் தவறலாம், மழை வந்தால் முந்தலாம். ஆனாலும் ஒரு கொப்பியும் ஒரு அடிமட்டமும் இவ்வளவு சொல்லிவிடும்.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிங்ஹாம் கென்யன் செப்புச் சுரங்கத்தின் சுவர் 2013 ஏப்ரல் 10 அன்று பிரம்மாண்டமாகச் சரிந்தது. ஒருவருக்கும் காயமில்லை. சுவரின் அசைவை ராடாரில் பார்த்துக்கொண்டிருந்து, முன்கூட்டியே எல்லோரையும் வெளியேற்றிவிட்டார்கள். அவர்களிடம் ராடார், நம்மிடம் ஆணியும் ரேப்பும். இரண்டும் அளப்பது ஒன்றையே: அசைவின் வேகம்.

மூடுவதைப் பற்றி இனிச் சொல்கிறேன். ஒரு இடத்தில் நான் வருவதாகச் சொல்லியும் முதல் நாளே பெக்கோ விட்டு வெடிப்பின் மேல் செம்மண் இழுத்து மட்டம் பார்த்துவிட்டார்கள். போய் நின்றபோது தரை அழகாகத்தான் இருந்தது. ஓரத்தில் நின்ற வாதநாராயணி மரம் ஒன்று மட்டும் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தது. அதன் வேர்ப் பக்கத்து மண்ணைக் கையால் விலக்கினேன். என் முழங்கை வரைக்கும் உள்ளே போயிற்று. உள்ளேயிருந்து குளிர்காற்று விரலில் பட்டது. வெடிப்பு எங்கே தொடங்கி எங்கே முடிந்தது, எவ்வளவு தாழ்ந்தது என்று காட்ட ஒன்றும் மிச்சமில்லை. பெக்கோ ஓட்டிய தம்பிக்கு வயது இருபது இருக்கும். அவனை அந்த விளிம்பில் ஏற்றியவர் மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை.

வெடிப்புக்குள் மழைநீர் இறங்கவும் விடக்கூடாது, அதுவும் உண்மை. ஆகவே ஒழுங்கு இதுதான்: முளை அடித்து, அளந்து, படம் எடுத்து, மேலேயிருந்து வரும் நீரை வாய்க்கால் வெட்டித் திருப்பி, அதன் பிறகு தார்ப்பாய் போடுங்கள். அசைவு நின்றுவிட்டது என்று எண்கள் காட்டிய பிறகே களிமண் இட்டு அடைக்கலாம்.

அடிவாரம் பிதுங்குகிறது

மேட்டின் அடிக்கு முன்னால் உள்ள தரை உயர்வது, வேலிக் கம்பம் சாய்வது, வாய்க்கால் ஒடுங்குவது, வயலில் புதிதாக ஒரு வரம்பு முளைத்தது போலத் தெரிவது. இவற்றில் எதைக் கண்டாலும் பிழை மேட்டில் மட்டும் இல்லை, மேடு உட்கார்ந்திருக்கும் தரையிலும் இருக்கிறது. கொழும்பைச் சுற்றிய தாழ்நிலம் சதுப்பு; அடியில் கறுப்பு நிறத்தில் மக்கிய இலைதழை மண் கிடக்கும். அதன் மேல் பாரம் ஏற்றினால் அது பக்கவாட்டில் ஒதுங்கப் பார்க்கும்.

கொழும்பு மீதொட்டமுல்லையில் மேடு சரிந்தது நம் கண்முன் நடந்தது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாள். அது குப்பை மேடு, கழிவுக்கல் அல்ல. ஆனால் சதுப்போரத்து மென்மண்ணின் மேல் உயரம் உயரமாக ஏற்றிய மேடு என்ற வகையில் இயக்கவியல் ஒன்றே. 32 உயிர்கள் போயின. அடிவாரத்தில் மனிதர்கள் குடியிருக்கும்போது "இன்னும் கொஞ்சம் ஏற்றலாம்" என்று யாராவது சொன்னால் எனக்கு அந்த நாள்தான் ஞாபகம் வரும்.

இங்கே பெரும்பாலானோர் விடும் தவறு, பிதுங்கிய மண்ணை வெட்டித் தூக்குவது. வாய்க்காலைத் துப்புரவாக்குகிறோம் என்று நினைப்பார்கள். உண்மையில் மேட்டைத் தாங்கிப் பிடித்த காலைத்தான் வெட்டுகிறார்கள். அடியில் ஒரு கூடை மண்ணும் எடுக்காதீர்கள். பாரத்தை உச்சியிலிருந்து குறையுங்கள். அசைவு மெதுவாக இருந்தால் மட்டும், பொறியியலாளர் வந்து பார்த்த பின், அடிக்கு முன்னால் பெருங்கல் அடுக்கி எதிர்ப்பாரம் வைக்கலாம். கல்லுக்கு அடியில் வடிகட்டும் துணி விரித்தால்தான் மென்மண் கல்லுக்குள் ஏறாது.

மேட்டின் நடுவிலிருந்து நீர் கசிகிறது

விளிம்பில் நின்று டிப்பர் கொட்டும்போது கற்கள் தாமாகவே பிரியும். பெரியது உருண்டு அடிக்குப் போகும், பொடி மேலே தங்கும். இது நல்லதுதான், அடியில் பெருங்கல் இருந்தால் நீர் சுலபமாக வெளியேறும். காலையில் கல்லும் பின்னேரம் செம்மண்ணும் என்று மாற்றி மாற்றிக் கொட்டும்போதுதான் பிழை. செம்மண் ஒரு பாய் விரித்தது போல மேட்டுக்குள் சாய்வாகப் படுத்துவிடும். நீர் அதன் மேல் தேங்கி, நடுவில் வாய் திறக்கும்.

எவ்வளவு பாதிக்கும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. கொட்டிய கல் தானாக நிற்கும் சாய்வு ஏறக்குறைய 37 பாகை. அந்தச் சாய்விலேயே மேட்டை விட்டால் பாதுகாப்புக் காரணி (தாங்கும் வலுவைச் சரிக்கும் விசையால் வகுத்த எண்) 1, அதாவது விழும் நிலையின் விளிம்பு. 2 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் உயரம் என்று படுக்கவைத்தால் காரணி 1.5 ஆகும். இது உலர்ந்த மேட்டுக்கு. சாய்வுக்குச் சமாந்தரமாக உள்ளே நீர் ஓடத் தொடங்கினால் அந்த 1.5 ஏறக்குறைய பாதியாகிவிடும். பாதி என்றால் 0.75; மேடு நிற்காது. சாய்வைக் குறைக்கச் செலவழித்த காசு முழுக்க ஒரு வடிகால் இல்லாததால் வீணாகிவிடும்.

கசிவைப் பார்க்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். தெளிவாக வருகிறதா, கலங்கலாக வருகிறதா? கலங்கல் என்றால் உள்ளேயிருந்து பொடி அரித்துக்கொண்டு போகிறது. மழைக்குப் பிறகு எத்தனை நாள் நீடிக்கிறது? வெயிலிலும் நிற்காவிட்டால் அடியில் ஊற்று இருக்கலாம். ஒழுங்காக வந்த நீர் திடீரென்று நின்றுவிட்டதா? இதைக் கண்டு நிம்மதிப்படுபவர்களைப் பார்த்திருக்கிறேன். வழி அடைபட்டு நீர் உள்ளே ஏறுகிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்; ஆட்களை வெளியேற்றுங்கள்.

ஊற்றின் மேல் மேடு போடுவது என்ன செய்யும் என்பதை வேல்ஸ் நாட்டின் அபர்வானில் உலகம் பார்த்தது. 1966 ஒக்ரோபர் 21 காலை நிலக்கரிச் சுரங்கத்தின் 7ஆம் இலக்கக் கழிவு மேடு இளகிப் பாய்ந்து பாடசாலையை மூடியது. 144 பேர் இறந்தார்கள், அதில் 116 பேர் பிள்ளைகள். அன்று காலை மேலே வேலைக்குப் போனவர்கள் உச்சி பல அடி தாழ்ந்திருப்பதைக் கண்டிருந்தார்கள். ஆகவே புதிய மேடு போட முன், மழைகாலத்தில் ஒரு தடவை அந்த நிலத்தை நடந்து பாருங்கள். பக்கத்து வீட்டு வயதான அம்மாவிடம் கேளுங்கள். எந்த இடத்தில் எப்போதும் ஈரம் நிற்கும், எங்கே முன்பு கிணறு இருந்தது என்று சொல்வார்.

நீர் சிவப்பாக ஓடுகிறது

பயப்பட முன் ஒரு கண்ணாடிப் போத்தலில் எடுத்து ஒரு இரவு அசையாமல் வையுங்கள். அடியில் சேறு படிந்து மேலே தெளிந்தால் அது செம்மண் கலங்கல். நீர் ஓடும் வழியில் வண்டல் குளம் வெட்டி, வெறும் மண் தெரியும் இடங்களில் புல் பிடிக்க வைத்தால் குறையும். நம் பக்கத்துக் கருங்கல் குவாரிகளில் நான் பார்த்தவை ஏறக்குறைய எல்லாம் இந்த வகை.

தெளிந்த பிறகும் நீர் செம்மஞ்சளாக நின்று, கல்லின் மேல் துருப் போலப் படிந்து, சோதனைத் தாளில் அமிலம் காட்டினால் விஷயம் வேறு. பைரைட் என்ற இரும்புக் கந்தகக் கனிமம் காற்றும் நீரும் பட்டுக் கந்தக அமிலமாகிறது. அமிலம் கூடக் கூட சில பற்றீரியாக்கள் அந்த வேலையை இன்னும் வேகப்படுத்தும். கலிபோர்னியாவின் அயர்ன் மவுன்டன் சுரங்கத்தில் பி.எச். அளவு (இது குறையக் குறைய அமிலம் கூடும்) பூச்சியத்துக்கும் கீழே போயிருக்கிறது. நம் நாட்டில் காரீய (கிராபைட்) நரம்புகளோடு பைரைட் சேர்ந்து வருவதுண்டு, ஆகவே அங்கே எடுக்கும் கழிவுக்கல்லை ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, அமிலம் தரும் அளவையும் அமிலத்தை அடக்கும் அளவையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அப்படிக் காட்டிய கல்லைத் தனியாகப் பிரித்து, நீரும் காற்றும் புகாதபடி களிமண்ணால் போர்த்துங்கள். வீதிக்கு நிரப்பக் கொடுக்கவே வேண்டாம்.

குவாரி முகத்தில் கல் பலகை பலகையாக வழுக்குகிறது

குவாரி முகம் என்பது பாறையை வெட்டிய நிமிர்ந்த சுவர். இங்கே மேட்டின் கணக்கு செல்லாது. பாறை வலிமையானது, விழுவது அதன் பிளவுகளால். முதல் பார்க்க வேண்டியது பிளவு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது. முகத்துக்கு வெளியே, நாம் நிற்கும் பக்கம் சாய்ந்து, முகத்தை விடப் படுத்தும், கல் கல்லில் வழுக்கும் கோணத்தை விட நிமிர்ந்தும் இருந்தால் பலகை வழுக்கும். முகம் 70 பாகை, பிளவு 40 பாகை, வழுக்கும் கோணம் 30 பாகை என்றால் அது விழுந்தே ஆகும், என்றைக்கு என்பதுதான் கேள்வி. இரண்டு பிளவுகள் குறுக்கே வெட்டிக்கொண்டால் ஆப்புப் போல ஒரு துண்டு கழன்று வரும். பிளவு நிமிர்ந்து உட்பக்கம் சாய்ந்தால் புத்தக அடுக்கு கவிழ்வது போலக் கவிழும்.

வழுக்கும் கோணத்தை அங்கேயே பார்க்கலாம். அந்தப் பிளவிலிருந்து விழுந்த இரண்டு தட்டையான துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்து, கீழ்க்கல்லை மெதுவாக உயர்த்துங்கள். மேல்கல் நகரும் கணத்தில் சாய்வை அளவுங்கள். பிளவில் மினுமினுக்கும் காக்காப்பொன் படலம் இருந்தால் கோணம் சட்டென்று குறையும். எனக்கு அந்த மினுக்கம் பிடிக்காது.

இதற்குத் தீர்வு, முகத்தின் திசையை மாற்றுவதுதான். பிளவு அதிகம் நிமிராமல் உள்ளே சாயும் பக்கத்திலிருந்து வெட்டிக்கொண்டு போனால் அதே பாறை அசையாமல் நிற்கும். திசையை மாற்ற இடமில்லை என்றால் படிகளின் உயரத்தைக் குறைத்து, அகலத்தைக் கூட்டி, விழுவதைப் படி பிடிக்கும்படி செய்யலாம்.

தொங்கும் கல்லைத் தட்டி இறக்குவதை ஒரு பெரியவரிடம்தான் கற்றேன். அவிசாவளைப் பக்கத்து மனிதர், முப்பது வருடம் கம்பி பிடித்த கை. நீளமான இரும்புக் கம்பியின் நுனியால் பாறையைத் தட்டுவார், தலையைச் சாய்த்துக் கேட்பார். "ணங்" என்று மணி போலக் கேட்டால் அடுத்த இடத்துக்கு நகர்வார். "டொப்" என்று குடத்தைத் தட்டியது போலக் கேட்டால் கையை உயர்த்துவார். கீழே எல்லோரும் விலக வேண்டும். "தம்பி, நீங்க கண்ணால பாக்கிறீங்க, காதால பாருங்க" என்றார். மேலேயிருந்து கீழாக, நின்ற இடம் உறுதியென்று பார்த்து, தப்பி ஓட வழி வைத்து, அதன் பிறகே நெம்புவார். அவரைப் போன்றவர்கள் ஓய்வுபெற முன் இளைஞர்களை அவர்களோடு ஒரு வருடமாவது நிற்க வையுங்கள்.

வெடி வைத்த பின் பின்பக்கம் கிழிகிறது

வெடித்துளை வரிசைக்குப் பின்னால் முகம் நொறுங்கியிருந்தால் கடைசி வரிசைக்கு வெடிமருந்து கூடிவிட்டது, அல்லது முன்வரிசை விலகி இடம் கொடுக்க முன் பின்வரிசை வெடித்துவிட்டது. வரிசைக்கு வரிசை விடும் தாமத நேரத்தைச் சரிபார்த்து, கடைசி வரிசையில் மருந்தைக் குறையுங்கள். கல் பறந்தால் துளையின் வாயை அடைத்த அளவு போதவில்லை, அல்லது முகத்தில் மெலிந்த இடத்தைக் கவனிக்காமல் நிரப்பியிருக்கிறார்கள். இவை அனுமதி பெற்ற வெடிகாரரின் வேலை. புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் உரிமத்தில் எழுதிய அளவை மீறி யாரும் கைவைக்கக் கூடாது.

நிலத்துக்கு அடியில் சத்தம்

கஹட்டகஹ காரீயச் சுரங்கம் 600 மீட்டருக்கும் கீழே போகிறது. அந்த ஆழத்தில் மேலுள்ள பாறையின் பாரம் மட்டும் ஏறக்குறைய 16 மெகாபஸ்கால். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 160 கிலோவுக்குக் கிட்ட. தாங்குமரம் முனகுவது, கூரையிலிருந்து பொடி உதிர்வது, கூரையைப் பிடிக்கும் போல்ட்டின் தகடு வளைவது, கதவு சட்டத்தில் இறுகுவது என்று பாறை பல விதமாகச் சொல்லும். முனகல் தனியாகக் கேட்டால் கவனம். முனகலும் பொடியும் சேர்ந்தால் வெளியேறுங்கள். வெட்டி வெறுமையான இடத்தைக் கழிவுக்கல்லால் நிரப்புவது இரண்டு பிரச்சினைக்கு ஒரே தீர்வு: சுவருக்கு முட்டுக் கிடைக்கிறது, வெளியே மேடும் வளராது. வசதி உள்ள இடத்தில் இதைச் செய்யாமல் விடுவதற்கு எனக்கு ஒரு நியாயமும் தெரியவில்லை.

மழை பெய்துகொண்டே இருக்கிறது

குவாரியில் மழைமானி ஒன்று இருக்கட்டும்; நேரான சுவருள்ள கண்ணாடிப் பாத்திரமும் அடிமட்டமும் கூடப் போதும். மண்சரிவுக்கென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கும் எல்லைகளையே நான் மேடுகளுக்கும் சொல்கிறேன். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீட்டர் தாண்டினால் கொட்டுவதை நிறுத்துங்கள். 100 தாண்டினால் மேட்டுக்கும் முகத்துக்கும் கீழே ஒருவரும் நிற்கக் கூடாது. 150 தாண்டினால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தால், அடிவாரத்து வீடுகளில் உள்ளவர்களையும் வெளியேற்றுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117 இல் அழையுங்கள்.

இந்த எண்களைப் பெரிய எழுத்தில் ஒரு பலகையில் எழுதி, டிப்பர் எடை பார்க்கும் இடத்தில் தொங்கவிடுங்கள். ஒரு குவாரியில் அது சிங்களத்தில் மட்டும் இருந்தது. கல் நொறுக்கும் கிரஷரில் நின்ற பெடியன்கள் நான்கு பேரும் பதுளைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள், தமிழ் மட்டும் வாசிப்பவர்கள். 2014 ஒக்ரோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயன்களை மூடியபோது தன் மாமி குடும்பத்தை இழந்தவன் அவர்களில் ஒருவன். மழையைப் பற்றி அவனுக்கு நான் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இல்லை. பலகையில் எழுதியிருப்பதை வாசிக்கத்தான் அவனால் முடியவில்லை. அன்று பின்னேரமே பெயின்ற் டப்பாவை எடுத்துக் கீழே தமிழில் எழுதினோம். தூரிகையைப் பிடித்தவன் அவன்தான்.